காரணம் கூறுக

ஏப்ரல். தர்மபுரி.
விடைத்தாள் திருத்தும் முகாம்.
பிள்ளைகள் அளவுக்குச் செய்த பெஞ்சுகள்
எங்கள் முழங்காலில் இடிக்கின்றன.
பெஞ்சுக்கு ஒருவராகத்தான் உட்காரப் பார்க்கிறோம்.
இடம் தீர்ந்த பிறகே
"கொஞ்சம் தள்ளிக்குங்க டீச்சர்."

காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு.
"இருபத்து நாலு, குரோமியத்தின் அணு எண்"
என்றார் மொரப்பூர் வையாபுரி சார்.
சிரிக்கிற வெயிலாக இல்லை அது.

இருபத்தேழாம் கேள்வி:
குரோமியத்தின் எலக்ட்ரான் அமைப்பை எழுதுக. காரணம் கூறுக.
விடைக்குறிப்பில் அமைப்புக்கு ஒரு மதிப்பெண்,
'சரிபாதி நிரம்பிய' என்ற சொல் இருந்தால் இன்னொன்று.

சாப்பாட்டுக்குப் பின், பதினேழாவது தாள்.
எந்த ஊர்ப் பிள்ளையோ,
பெயருள்ள சீட்டை முன்பே கிழித்துவிடுகிறார்கள்.
நீல மையில் 3d⁴ 4s².
அதன்மேல் ஒரே ஒரு கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்டது.
பக்கத்தில் 3d⁵ 4s¹.
அடியில்:
'முதலாவது, விதிப்படி எழுதியது.
இரண்டாவது, குரோமியத்தின்படி.'

பேனாவை மூடி வைத்தேன்.

காரணத்தில் குறிப்புச் சொல் இல்லை. இருந்தது இது:
'நாலாவது கூட்டில் ஓர் அறை, அதில் இருவர்.
மூன்றாவதில் ஐந்து அறை, நால்வர்தான்.
ஓர் அறை சும்மா கிடக்கிறது.
இரண்டு வீட்டுக்கும் வாசல் உயரம் ஏறக்குறைய ஒன்று.
ஒண்டியிருந்த இருவரில் ஒருவர் அங்கே போய்விட்டார்.
இப்போது ஆறு பேர், ஆறு அறை.
சண்டை குறைவு. அதனால்.'

ஸ்கேண்டியத்தை யாரும் இப்படிக் கேட்பதில்லை.
டைட்டேனியம், வனேடியம்: எழுதுக, அவ்வளவுதான்.
மாங்கனீசு உள்ளே ஐவரையும்
வெளியே இருவரையும் வைத்துக்கொண்டு
நிம்மதியாக இருக்கிறது.
ஓர் எலக்ட்ரான் அறை மாறினால்தான்
வினாத்தாளில் அந்த இரண்டு சொற்கள் வருகின்றன.

எனக்குப் பழக்கமான சொற்கள்.
பாலக்கோட்டில் ஒரு கூரைக்குள் இருவராக
பதினோரு வருடம் இருந்தேன்.
ஏன் சேர்ந்திருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.
அதியமான்கோட்டைப் பக்கம்
ஓர் அறை, ஒரு ஸ்டவ், ஒரு சன்னல் என்று வந்த அன்றே
வீட்டுக்காரம்மா கேட்டார்.
ஸ்டாஃப் ரூம் கேட்டது.
கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்
சிலிண்டரை இறக்கி வைக்காமலே கேட்டார்.
ஐந்து மதிப்பெண் வினா போல
எல்லோருக்கும் பக்கம் பக்கமாக விடை சொல்லியிருக்கிறேன்.
ஒரு பிள்ளை மூன்று சொல்லில் முடித்துவிட்டது.

முதன்மைத் தேர்வாளர் எஸ்தர் ராஜகுமாரி
தாளை வாங்கிப் பார்த்தார்.
"கீவேர்டு இல்லையே, ஒண்ணுதான் வரும்."
"எண்ணிப் பாருங்க மேடம். ஆறு பேர், ஆறு அறை."
எண்ணினார். விரல் விட்டே எண்ணினார்.
"கொத்தனார் வீட்டுப் பிள்ளையா இருக்கும்"
என்று ஒப்பமிட்டார். இரண்டு.

பக்கத்தைத் திருப்பினால் ஓர் அம்புக்குறி.
'டங்ஸ்டனும் இதே தொகுதி.
ஆனால் அது மாறவில்லை.
வெளியே இருவர் இருவராகவே.
ஏன் என்று புத்தகத்தில் இல்லை.'

இதற்கு மதிப்பெண் கிடையாது.
எனக்குப் பாதி தெரியும்:
அதன் கரு மிகக் கனம்.
வெளிக்கூட்டு இருவரையும்
உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது,
பக்கத்தில் ஓர் அறை காலி என்றாலும்.
மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.
விடைத்தாளில் நாங்கள் பதில் எழுதக் கூடாது.
அம்புக்குறியின் நுனியில்
சிவப்பில் ஒரு புள்ளி வைத்தேன்,
மை சிந்தியது போல.

பதினெட்டாவது தாள்.
3d⁴ 4s². கோடில்லை, அடித்தலில்லை.
முத்து முத்தான கையெழுத்து.
சொல்லிக் கொடுத்த விதியை
ஒரு பிசகும் இல்லாமல் நம்பியிருந்தது.

பூஜ்ஜியம் போட வேண்டும்.
போட்டேன்.
வட்டத்தை மூடக்
கொஞ்சம் நேரமானது.